சுமக்கும் கோணம்

குழித்துறை கோர்ட்டுக்கு எதிரே
ஓர் ஆட்டோ நிற்கிற அகலத்தில் என் டிடிபி கடை.
பாகப்பிரிவினை, வாடகை ஒப்பந்தம்,
மூன்று பக்க ஜாமீன் மனு,
எல்லாம் விரல்களுக்கு மனப்பாடம்.
பட்டாளத்துக்கு மனு அடித்ததில்லை.

மழை பெய்து
ரப்பர் வெட்டு இல்லாத செவ்வாய்க்கிழமை வந்தான்.
ஷைஜின், த/பெ சத்தியநேசன், கடையாலுமூடு.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே தாள்.
ஆயிரத்து அறுநூறு மீட்டர், ஐந்து நிமிடம் இருபது நொடி.
புல்அப்ஸ் பத்து.
மார்பு, எடை, பல், காது, கண்,
எல்லாவற்றுக்கும் டிக்.
அதற்குக் கீழே மசியின் நிறம் மாறியிருந்தது:
முழங்கை. பதினேழு டிகிரி.
தகுதியில்லை.

"எனக்க கையில என்ன குத்தம் அக்கா?"
உள்ளங்கை மேலே பார்க்க இரண்டையும் நீட்டினான்.
தோளிலிருந்து நேராக வந்த கை
முட்டுக்குக் கீழே
உடம்பை விட்டு மெல்ல விலகிப் போனது,
ஸ்டேஷன் தாண்டியதும் பிரிகிற தண்டவாளம் மாதிரி.

மகளின் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து
பாகைமானி எடுத்து வைத்துப் பார்த்தேன்.
பதினேழுதான்.
டாக்டர் பொய் எழுதவில்லை.
பதினைந்து வரை பட்டாளம்,
அதற்கு மேல் ஊர்.

காரணம் எழுத மூன்று கோடு விட்டிருந்தார்கள்.
அவன் சொல்லச் சொல்ல அடித்தேன்.
எட்டாம் வகுப்பிலிருந்து
அப்பா முன்னே வெட்டிப் போக
சிரட்டை சிரட்டையாய்ப் பால் எடுத்தது.
இரண்டு கையிலும் வாளி.
ஏற்றம், வழுக்கல், காலில் அட்டை.
ஒரு சொட்டும் தளும்பவிட்டதில்லை.
உறைவதற்குள் ஷெட்டுக்கு ஓடி ஓடித்தான்
அந்த ஐந்து நிமிடம் இருபது நொடி.

"இத வாசிச்சா எடுப்பினுமா?"

முழுக்க அழித்தேன்.
கோர்ட் வாசலில் பதினொரு வருஷம் இருக்கிறேன்,
அழுகை எந்தப் பத்தியில் வந்தாலும்
அந்தப் பத்தி தள்ளுபடி.
மறுபடி அளந்து பார்க்குமாறு
தாழ்மையுடன் வேண்டுகிறேன்.
இவ்வளவுதான். இரண்டு கோடு மிச்சம்.

"பதினஞ்சுன்னு போட்டுரலாமா?"
எலும்புக்கு பேக்ஸ்பேஸ் இல்லை மக்களே.

நாற்பது ரூபாய்.
நகலுக்குக் காசு வாங்கவில்லை.

ராத்திரி படுத்தபடி போனில் தேடினேன்.
அந்த வளைவுக்கு மருத்துவத்தில் பெயரே
சுமக்கும் கோணமாம்.
எதையாவது தூக்கிக்கொண்டு நடக்கும்போது
அது இடுப்பில் இடிக்காதிருக்க
உடம்பு ஒதுக்கி வைத்த இடம்.
மிச்சமிருந்த இரண்டு கோட்டில்
இதைப் போட்டிருக்கலாம்.
ஸ்பீட் போஸ்ட் சாயங்காலமே போய்விட்டது.

பாங்கோட்டு மிலிட்டரி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார்கள்.
போவதற்கு முன்னால் ஒரு வாரம்
வாளியைத் தொடவில்லையாம்.
அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து
கைகளை விலாவோடு கட்டிக்கொண்டு தூங்கினானாம்.
இதை அவன் சொல்லவில்லை.
கூட வந்த பையன் சொன்னான்,
அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில்.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.
"இடது கை பதினஞ்சு. பாஸ்.
வலது கை பதினாறு."
மின்விசிறி ஒரு சுற்று சுற்றும் நேரம்.
"ஒண்ணு மட்டும் போதும்னா
கழத்தி குடுத்துட்டு வந்திருப்பேன் அக்கா."
சிரித்தானா என்று இன்றைக்கும் தெரியாது.

தாளை லேமினேட் செய்து தரச் சொன்னான்.
எதற்கு என்று கேட்கவில்லை.
மெஷின் சூடாக நாலு நிமிடம் ஆகும்,
நாலு நிமிடமும்
சுவரில் தொங்கிய முத்திரைத்தாள் விலைப்பட்டியலை
வாசித்துக்கொண்டு நின்றான்.
கைகளைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தான்.

அவன் பைக் பாலம் ஏறுமுன்
அடுத்தவர் வந்துவிட்டார்.
வாடகை ஒப்பந்தம், பதினொரு மாதம்.
கையெழுத்துக்குக் கோட்டைக் காட்டினேன்,
அவர் கையை நீட்டினார்.
நான் பார்த்தது முழங்கையை.

பதினெட்டு இருக்கும்.